கூலிங் டவரில் ஹைப்போ: ரிட்டர்ன் லைனில் அளந்து போடும் முறை

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஆலையின் யுடிலிட்டி பிரிவில் 19 வருடமாகத் தண்ணீர் பார்க்கிறேன். பாய்லர், ஆர்ஓ (சவ்வு வழியாகத் தண்ணீரைச் சுத்திகரிப்பது), கூலிங் டவர் (சூடேறி வரும் தண்ணீரைக் காற்றில் விழவைத்துக் குளிர்விக்கும் கோபுரம்) மூன்றும் என் பொறுப்பு. புதிதாகச் சேரும் பிள்ளைகளை முதல் நாளே டவர் பேசினுக்கு (அடித்தொட்டிக்கு) அழைத்துப் போய், கையுறை போட்ட விரலால் நீர்மட்டத்துக்குக் கீழே சுவரைத் தேய்த்துப் பார்க்கச் சொல்வேன். சிமெண்டின் சொரசொரப்பு தெரிந்தால் அந்த வாரம் நாங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறோம். வழுக்கினால் இல்லை.

அந்த வழுக்கலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிருமிகள் தண்ணீரில் மிதப்பதைவிடப் பரப்புகளில் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பசைக்குள் குடியிருப்பதுதான் அதிகம். அந்தப் பசைப் படலத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதனால் அது வெப்பத்தைத் தண்ணீர் அளவுக்கே கடத்தும். அதே கனத்தில் சுண்ணாம்புப் படிவு இருந்தால் அது இதைவிடச் சுமார் நாலு மடங்கு நன்றாகக் கடத்தும். சில்லரின் (ஆலைக்குக் குளிர்நீர் தரும் இயந்திரத்தின்) வெப்பத்தை டவர் தண்ணீருக்கு மாற்றும் கண்டன்சர் குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் போதும், சில்லர் மூச்சுத் திணற ஆரம்பிக்கும், மின்கட்டணம் ஏறும். படலத்துக்கு அடியில் காற்றுப் புகாத இடத்தில் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா கூடு கட்டி இரும்பை அரிக்கும். குழாயைத் திறந்தால் கருப்புக் கட்டி இருக்கும், அதில் ஒரு சொட்டு ஆசிட் விட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும்.

இதற்கெல்லாம் நம் ஊர் ஆலைகளில் கைக்கு எட்டும் மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட். கடையில் ஹைப்போ என்று கேட்டால் 35 லிட்டர் நீலக் கேனில் வரும். விலை குறைவு, வேலை நன்றாகச் செய்யும். ஆனால் பல இடங்களில் "தினம் ஒரு கேன்" என்று பழக்கத்தில் ஊற்றுகிறார்கள். எவ்வளவு ஊற்றினோம் என்று லாக் புக்கில் இருக்கும். டவருக்குத் திரும்பி வரும் குழாயில், அதாவது ரிட்டர்ன் லைனில், எவ்வளவு குளோரின் மிஞ்சியது, எத்தனை நேரம் மிஞ்சியிருந்தது என்பது இருக்காது. கிருமியைக் கொல்வது அந்த மிச்சம்தான். மிச்சத்தை எப்படிப் பிடித்து வைப்பது என்று நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

கேனில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

லேபிளில் 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். உற்பத்தியான அன்று அது உண்மையாக இருக்கலாம். ஹைப்போ தானாகவே சிதையும் பொருள். வெயில், சூடு, துளி இரும்பு, துளி செம்பு எது பட்டாலும் வேகம் கூடும். செறிவு அதிகமாக இருந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். மே மாதத்தில் எங்கள் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கொட்டகையில் மூன்று வாரம் கிடந்த கேனை நம்பி அளவு போடவே முடியாது. நான் இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்க விடுவதில்லை. கேன்களை நிழலில், காற்றோட்டத்தில், முதலில் வந்தது முதலில் போகும்படி அடுக்குவோம்.

சோதிப்பது எளிது. 10 மில்லி ஹைப்போவை எடுத்துக் காய்ச்சி வடித்த தண்ணீரில் 250 மில்லியாக்குங்கள். அதிலிருந்து 10 மில்லியைக் குடுவையில் விட்டு, கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடும் அசிடிக் அமிலமும் சேர்த்தால் பழுப்பு நிறம் வரும். 0.1 நார்மல் செறிவுள்ள சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு (டைட்ரேட் செய்து), நிறம் வெளிறும்போது ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும் வரை போங்கள். செலவான மில்லியை 0.886-ஆல் பெருக்கினால் கிடைப்பது ஹைப்போவின் குளோரின் சதவீதம். 9 மில்லி ஆனால் சுமார் 8 சதவீதம். பத்து நிமிட வேலை. ஒவ்வொரு லோடு வந்ததும் ஒரு முறை, அப்புறம் வாரம் ஒரு முறை செய்கிறேன்.

பிஎச் எங்கே நிற்கிறது?

ஹைப்போ தண்ணீரில் கலந்ததும் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், இன்னொன்று ஹைப்போகுளோரைட் அயனி. இரண்டையுமே சோதனைக் கிட் "குளோரின்" என்றுதான் காட்டும். ஆனால் கொல்லும் திறனில் அமிலம் அயனியைவிடப் பல பத்து மடங்கு பெரியது. மின்சுமை இல்லாததால் அது கிருமியின் சுவரைத் தாண்டி எளிதாக உள்ளே போய்விடுகிறது.

எது எவ்வளவு என்பதை பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, முடிவு செய்யும். பிஎச் 7 என்றால் முக்கால் பங்கு அமிலம். 7.5-ல் பாதி. 8-ல் கால் பங்கு. 8.5-ல் பத்தில் ஒரு பங்கு. 9-க்குப் போனால் மிச்சமிருப்பது பெயருக்குத்தான். இந்த வரிசையை எங்கள் டோசிங் ரூம் (மருந்து அளந்து விடும் அறை) சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். காரணம், இன்றைய கூலிங் டவர் சிகிச்சைகளில் பெரும்பாலானவை பிஎச் 8-க்கு மேல் ஓடுபவை. அரிப்பைத் தடுக்க அது நல்லது, குளோரினுக்கு நல்லதல்ல. பிஎச் 8.5-ல் கிட் காட்டும் 0.5 பிபிஎம்மும் (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்), 7.5-ல் காட்டும் 0.5 பிபிஎம்மும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

என்ன செய்யலாம்? ஆசிட் டோசிங் இருக்கும் டவரில் குளோரின் போடும் நேரத்தில் பிஎச்சை 7.5-க்கும் 8-க்கும் இடையில் பிடிக்கலாம். அதற்காக ஒரேயடியாக ஆசிட்டை ஏற்றினால் அரிப்பு வந்து நிற்கும், அதைச் செய்யாதீர்கள். பிஎச் 8.5-லேயே ஓடியாக வேண்டிய டவரில் சோடியம் புரோமைடு சேர்த்துப் போடுவதுதான் என் விருப்பம். ஹைப்போ புரோமைடை ஆக்சிஜனேற்றம் செய்து ஹைப்போபுரோமஸ் அமிலமாக்கும். அந்த பிஎச்சிலும் அதில் பாதிக்கு மேல் வேலை செய்யும் உருவத்திலேயே இருக்கும். கடல்நீரில் இது இயற்கையாகவே நடக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவுக்குப் புரோமைடு இருப்பதால், கடலோர மின் நிலையங்களில் போடும் குளோரின் சில நொடிகளில் புரோமினாக மாறிவிடும்.

கடலோரம் என்றதும் கல்பாக்கம் நினைவுக்கு வருகிறது. அங்கே அணுமின் நிலையத்துக்குக் கடலடிச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் வருகிறது. அந்தச் சுரங்கத்தில் பச்சை மட்டிகள் ஒட்டி வளர்வது பல வருடப் போராட்டம். குளோரின் வாடை பட்டால் மட்டி ஓட்டை மூடிக்கொள்ளும். மணிக்கணக்கில், நாள்கணக்கில்கூட மூடியே இருக்கும். நீங்கள் தினம் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு நிறுத்தினால் அது திறந்து சாப்பிட்டுக்கொண்டு வளரும். அதனால்தான் மட்டி உள்ள இடங்களில் குறைந்த அளவை விடாமல் போடுகிறார்கள். நம் நன்னீர் டவரில் மட்டித் தொல்லை இல்லை, தினசரி ஒரு வேளை மொத்தமாகப் போடும் முறையே போதும். எந்த உயிரை அடக்கப் போகிறோம் என்று பார்த்துத்தான் போடும் முறையையும் தீர்மானிக்க வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு தின்னும்?

கிருமியைத் தொடும் முன்பே குளோரினைத் தின்னப் பலர் காத்திருக்கிறார்கள்: இரும்பு, சல்பைடு, கரிமப் பொருள், அம்மோனியா, பேசினில் படிந்த சேறு. அதுதான் டிமாண்ட். சோதித்த ஹைப்போவிலிருந்து லிட்டருக்கு 1 கிராம் குளோரின் இருக்கும்படி ஒரு கரைசல் செய்துகொள்ளுங்கள். 8 சதவீதமாக இருந்தால் 12.5 மில்லியை ஒரு லிட்டராக்க வேண்டும். ஐந்து பாட்டிலில் தலா ஒரு லிட்டர் டவர் தண்ணீர் எடுத்து, முறையே 1, 2, 3, 4, 5 மில்லி விடுங்கள். இப்போது அவற்றில் 1 முதல் 5 பிபிஎம் வரை இருக்கிறது. மூடி, இருட்டில் அரை மணி வைத்து, எதில் எவ்வளவு மிஞ்சியது என்று பாருங்கள். 3 போட்டதில் 1 மிஞ்சினால் உங்கள் தண்ணீரின் பசி 2 பிபிஎம்.

இனிக் கணக்கு. எங்கள் டவரில் பேசின், குழாய், கண்டன்சர் எல்லாம் சேர்த்து 150 கன மீட்டர் தண்ணீர். 3 பிபிஎம் வேண்டும் என்றால் 450 கிராம் குளோரின். 12 சதவீத ஹைப்போவாக இருந்தால் 3.75 லிட்டர் போதும். 8 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 5.6 லிட்டர் வேண்டும். லேபிளை நம்பி ஊற்றியவர் 1 பிபிஎம் குறைவாகப் போட்டிருப்பார். நாம் மிச்சம் வைக்க நினைத்ததே அந்த 1 பிபிஎம்தான்.

அம்மோனியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். உர ஆலையிலும், அமோனியா குளிர்பதனம் உள்ள ஐஸ் பேக்டரி, பால் பண்ணைகளிலும், சுத்திகரித்த கழிவுநீர் மேக்கப்பாக (குறைந்த தண்ணீருக்கு ஈடாக) வரும் இடங்களிலும் எவ்வளவு ஹைப்போ ஊற்றினாலும் ஃப்ரீ குளோரின் (எதோடும் சேராமல் தனியாக நிற்கும் குளோரின்) வராது. அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் ஆகிவிடும். அதற்குக் கொல்லும் வேகம் மிகக் குறைவு. அம்மோனியா நைட்ரஜன் ஒரு பங்குக்குக் குளோரின் 7.6 பங்கு போட்டால்தான் அது முற்றிலும் எரிந்து முடியும் என்பது ஏட்டுக் கணக்கு, டவரில் 10 பங்கு வரை போகும். 2 பிபிஎம் அம்மோனியா நைட்ரஜனை எரிக்கவே 15 முதல் 20 பிபிஎம் குளோரின். அந்த அளவுக்குப் போடுவது டவருக்குக் கேடு. கசிவைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் வழி. நேற்று வரை 5 லிட்டரில் வந்த மிச்சம் இன்று 10 லிட்டரிலும் வரவில்லை என்றால் இன்னொரு கேனைத் திறக்காதீர்கள், அம்மோனியா கிட்டைத் திறங்கள்.

போடும் நேரம், போடும் இடம்

சாயங்காலம் போடுகிறேன். வெயில் குளோரினைச் சிதைக்கும், திறந்த பேசினில் மத்தியானம் போட்டால் பாதி வானத்துக்குத்தான் போகும். போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பயோ டிஸ்பெர்சன்ட் விடுவேன். அது பசையை இளக்கிவிட்டால் குளோரின் அடிவரை போகும். இல்லாவிட்டால் மேல்தோலோடு நின்றுவிடும். பிறகு ப்ளோடவுன் (டவரிலிருந்து தண்ணீரை வெளியேற்றும்) வால்வை மூடிவிட்டு ஹைப்போவை ஆரம்பிக்கலாம்.

ஊற்றும் இடம் பம்ப் சக்ஷனுக்கு (பம்ப் தண்ணீரை இழுக்கும் வாய்க்கு) அருகில், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பேசினின் மூலையில் ஊற்றினால் அந்த மூலை மட்டும் சுத்தமாகும். அரிப்புத் தடுப்பு மருந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஊற்றாதீர்கள். செம்பைக் காக்கும் அசோல், பாஸ்போனேட் இரண்டையும் செறிவான குளோரின் தின்றுவிடும்.

மாதிரியை டவர் உச்சிக்குப் போகும் ரிட்டர்ன் லைனில் எடுங்கள். பேசினில் எடுத்தால் நீங்கள் ஊற்றியதையே அளப்பீர்கள். கண்டன்சர் முழுக்கச் சுற்றிவிட்டு வந்த தண்ணீரில் எஞ்சியிருந்தால்தான் குழாய்க்குள் வேலை நடந்தது என்று பொருள். ஃப்ரீ குளோரின் 0.5-க்கும் 1 பிபிஎம்முக்கும் இடையே இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆலையில் நான் வைத்த அளவு. விடாமல் போடும் டவராக இருந்தால் 0.2 முதல் 0.5 போதும். 1-க்கு மேல் நாள் கணக்கில் ஓட்டினால் செம்புக் குழாயும், மர டவராக இருந்தால் மரமும் பாதிக்கும்.

நிறம் ஏமாற்றும்

சோதனைக்கு டிபிடி மாத்திரையோ பொடியோ வாங்குங்கள். குளோரின் இருந்தால் ரோஜா நிறம் வரும். ஃப்ரீ குளோரினை ஒரு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும், தாமதித்தால் குளோரமைனும் சேர்ந்து நிறம் கூட்டும். மாதிரியை லேபுக்கு எடுத்துப்போய் அரை மணி கழித்துப் பார்ப்பதில் பயனே இல்லை, டவரின் காலடியிலேயே பாருங்கள். பழைய ஓடி (ஆர்த்தோ டொலிடின்) கரைசல், மஞ்சள் நிறம் காட்டுமே, அதை விட்டுவிடுங்கள். அது உடம்புக்கும் கேடு, ஃப்ரீ குளோரினையும் குளோரமைனையும் பிரித்துக் காட்டாது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது டிபிடி நிறத்தையே வெளுத்துவிடும். தண்ணீர் தெளிவாக நிற்கும், பார்ப்பவர் "குளோரினே இல்லை" என்பார். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஆலையில் தண்ணீரில் செம்பு அளவு திடீரென்று ஏறுகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். டோசிங் பம்பின் ஸ்ட்ரோக்கை (ஒரு தள்ளலுக்கு விடும் அளவை) யாரோ முழுதாகத் திருப்பி விட்டிருந்தார்கள். இரவு ஷிப்ட் ஆபரேட்டர் சோதித்திருக்கிறார், நிறம் வரவில்லை. நல்ல மனிதர், பொறுப்பானவர். குறைவு என்று நினைத்து இன்னும் ஊற்றியிருக்கிறார். மூன்று இரவு இப்படியே. மாதிரியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் பத்து மடங்கு கலந்து நான் சோதித்தபோது ரோஜா நிறம் பளிச்சென்று வந்தது. நீர்க்காத தண்ணீரில் 10 பிபிஎம்முக்கும் மேல். அந்தச் சில்லரின் குழாய்களில் பாதியை மாற்ற வேண்டியிருந்தது. அந்த அண்ணனைத் திட்டினார்கள். அவருக்கு இதை யாருமே சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. டிபிடி விட்டதும் ஒரு கணம் சிவந்து உடனே மறைந்தால், அல்லது ஊற்றியது தெரிந்தும் நிறமே வராவிட்டால், நீர்த்து மறுபடி பாருங்கள்.

வாரம் ஒரு முறை டிப் ஸ்லைடும் (தண்ணீரில் தோய்த்துக் கிருமிகளை வளர்த்து எண்ணும் பட்டை) வைக்கிறேன். மருந்து போடும் முன் மாதிரி எடுக்க வேண்டும், குளோரின் எஞ்சியிருந்தால் ஒரு சிட்டிகை தயோசல்பேட் போட்டு முறிக்க வேண்டும். 30 டிகிரியில் 48 மணி நேரம். மில்லிக்கு 10,000 கிருமிக்குள் இருந்தால் சரி. ஒரு லட்சத்தைத் தாண்டினால் அன்றைக்கே அளவை, பிஎச்சை, சேற்றைப் பார்க்க வேண்டும். மாதம் இரண்டு முறை ஐசோதயசோலினோன் அல்லது குளூட்டரால்டிஹைடு போல ஆக்சிஜனேற்றம் செய்யாத மருந்து ஒன்றையும் போடுகிறேன். அதைப் போடும் அன்று ஹைப்போவை நிறுத்திவிட வேண்டும், குளோரின் அதையும் தின்னும்.

ஆள் பாதுகாப்பு

ஹைப்போவும் ஆசிட்டும் சந்தித்தால் குளோரின் வாயு. டோசிங் ரூமில் நடக்கும் பெரிய விபத்துகளுக்கு இதுவே காரணம். எங்களிடம் ஒரு முறை ஆசிட் இருந்த காலிக் கேனில் ஹைப்போ பிடிக்கப் போன ஒப்பந்தத் தொழிலாளித் தம்பி, மஞ்சள் பச்சைப் புகையில் மாட்டி இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தான். அன்றிலிருந்து இரண்டும் ஒரே அறையில் இல்லை. கேன், புனல், குழாய், மூடி எல்லாம் நிறம் பிரித்திருக்கிறோம். ஒன்றுக்குரியது மற்றதைத் தொடாது. பாஸ்போனேட் கலந்த மருந்துகளில் பலவும் அமிலத்தன்மை உள்ளவை, அவற்றையும் ஆசிட் வரிசையில்தான் வைக்க வேண்டும். அதேபோல், நீச்சல் குளத்துக்குப் போடும் டிரைகுளோர் மாத்திரையையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் வெடிக்கக்கூடும்.

ஹைப்போ லைனில் சாதாரண பந்து வால்வு (பால் வால்வு) வேண்டாம். மூடிய வால்வின் குழிக்குள் சிக்கிய ஹைப்போ சிதைந்து ஆக்சிஜன் விடும், அழுத்தம் ஏறி வால்வு உடைந்து தெறிக்கும். பந்தில் துளையிட்ட வால்வைக் கேட்டு வாங்கி, துளை டாங்க் பக்கம் பார்க்க மாட்டுங்கள். டோசிங் பம்பு திடீரென்று தள்ளாமல் நிற்பதற்கும் இதே வாயுதான் காரணம், தலையில் உள்ள காற்று வால்வைத் திறந்து விட்டால் சரியாகும். கண்ணாடி, கையுறை, ஏப்ரன் இல்லாமல் கேனைத் திறக்க யாரையும் விடாதீர்கள். கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று தினம் திறந்து பாருங்கள்.

குளோரின் வாயு டன்னர் (பெரிய சிலிண்டர்) வைத்திருக்கும் ஆலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும், ஹைப்போ பழகியவர் அதைத் தொடக் கூடாது. இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும், ஆகவே காற்றின் குறுக்கே நகர்ந்து மேட்டுக்கு ஓடுங்கள். கசியும் சிலிண்டரில் தண்ணீர் அடிக்காதீர்கள், அமிலமாகி ஓட்டையைப் பெரிதாக்கும்.

டவரைக் கழுவ உள்ளே இறங்குபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 25 முதல் 45 டிகிரி வரையான தண்ணீர் லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமிக்குத் தொட்டில். 1976-ல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்குப் பிறகு பரவிய நிமோனியாவில்தான் அந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டது. 2015-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு ஹோட்டலின் கூலிங் டவரிலிருந்து பரவி 16 பேர் இறந்தார்கள். டிப் ஸ்லைடில் இது தெரியாது, தனியாக லேபுக்கு அனுப்ப வேண்டும். நம்மிடம் பிரஷர் ஜெட்டோடு உள்ளே இறங்குபவர் பெரும்பாலும் தினக்கூலி. அவர் முகத்தில் ஒரு துண்டு மட்டும் கட்டியிருப்பார். அந்தச் சாரலைத்தான் அவர் மூச்சிழுக்கிறார். கழுவும் முன் 5 பிபிஎம் குளோரினில் மின்விசிறியை நிறுத்திச் சில மணி நேரம் சுற்ற விடுங்கள், நல்ல முகக்கவசம் கொடுங்கள், அது முகத்தில் சரியாகப் படிகிறதா என்று நீங்களே பாருங்கள்.

வெளியே விடும்போது

ப்ளோடவுனைத் திறக்கும் முன் மிச்சத்தை அளந்துகொள்ளுங்கள். நீர்நிலைக்கு விடும் கழிவில் மொத்தக் குளோரின் 1 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அனல்மின் நிலையக் கண்டன்சர் நீருக்கு ஃப்ரீ குளோரின் 0.5. ஈடிபிக்கு (ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவுக்கு) போனாலும் கவனம் வேண்டும், அங்கே ஏரேஷன் டாங்கில் நமக்காக உழைக்கும் பாக்டீரியாவும் சாகும். ப்ளோடவுனை ஆர்ஓவில் மீட்கும் ஆலைகளில் மெம்பரேன் 0.1 பிபிஎம்மைக்கூடப் பொறுக்காது, சோடியம் மெட்டா பைசல்பைட் போட்டு முறித்துவிட்டு, முறிந்ததா என்று டிபிடியில் பார்த்த பிறகே பம்பைப் போடுங்கள்.

பொங்கலுக்கோ ஆயுத பூஜைக்கோ நாலு நாள் ஆலை நின்றால், திரும்ப ஓட்டும் முறை வேறு. தேங்கிய தண்ணீரில் அந்த நாலு நாளில் என்னென்னவோ வளர்ந்திருக்கும். ஃபேனைப் போடாமல் பம்பை மட்டும் போடுங்கள். டிஸ்பெர்சன்ட், ஒரு மணி நேரம் கழித்து ஹைப்போ, ரிட்டர்ன் லைனில் 1 பிபிஎம் வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக. அது இரண்டு மணி நேரம் நின்ற பிறகு அடியில் இறங்கிய சேற்றை வடிகால் வழியாக விடுங்கள், புது மேக்கப்பில் இன்னொரு முறை மிச்சம் பாருங்கள். அப்புறம் ஃபேன்.